பெருவிரல் நோவு
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் செய்யப்பட்ட உபந்நியாசம்)



கலியாண விருந்துண்ட மறுநாள் இரவில், வீட்டுப் பெரியவர் ஒருவர் கால் பெருவிரலைப் பற்றிக்கொண்டு அலறியெழுவதை உங்களிற் சிலர் கண்டிருக்கலாம். மூட்டு சிவந்து வீங்கி, போர்வையின் பாரத்தையுந் தாங்காது. சுளுக்கென்றெண்ணி உருவிவிடுவோரும் உளர். அதனால் வேதனை மிகுவதன்றி வேறு பயனில்லை. இதுவே கௌட் என்னும் ஒருவகைக் கீல்வாதம்.

1683-ல் இந்நோயைப்பற்றி நூலெழுதிய தாமஸ் சிடன்ஹாம் என்ற ஆங்கில வைத்தியர் தாமே இதனால் நெடுங்காலம் வருந்தியவர். எனினும் காரணத்தை அவர் அறிந்திலர். 1848-ல் ஆல்பிரட் காரட் என்பவரே நோயாளிகளின் இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்திருப்பதைக் காட்டினார். ஈரல், இறைச்சி, சிலவகை மீன் ஆகியவற்றிலும் நமது உடலின் உயிரணுக்களிலும் உள்ள பியூரின் சிதைந்து இவ்வமிலமாகிறது. குண்டிக்காய்கள் அதனைப் போதிய அளவு வெளியேற்றாவிடில், அது ஊசிபோன்ற பளிங்குகளாய் மூட்டுக்களில் உறையும். மதுவும், விசேஷமாகப் பீரும், சர்க்கரைப் பானங்களும் இதனை வளர்க்கும். பருப்பு வகைகளை அஞ்சி விலக்குதல் வீண். நோயாளியைப் போஜனப்பிரியர் என்று பரிகசிப்பதும் நியாயமன்று. பிறவிக்கூற்றுக்கு இதிற் பெரும் பங்குண்டு.

வலி ஓரிரு வாரங்களில் தானே தணியும். நாம் ஏமாறுவது இவ்விடத்திலேதான். நோவு போயிற்றேயன்றி அமிலம் போகவில்லை. வருஷங்கள் செல்லச்செல்ல மூட்டுக்கள் உருக்குலையும்; குண்டிக்காயிற் கல்லுண்டாகும். இரத்த அழுத்தமும் நீரிழிவும் இந்நோயாளர் பலரிடம் கூடவே இருப்பதால் அவற்றையும் சோதித்தல் வேண்டும்.

இந்நோவைத் தணிக்கும் கோல்ச்சிசின் என்னும் மருந்து, கண்வலிக்கிழங்கு எனப்படும் நமது செங்காந்தளிலும் உள்ளது. ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கங்களில் விதைக்காகவே அதனைப் பயிரிடுகின்றனர். இதைக் கேட்டு, "நம் நாட்டு மூலிகைதானே" என்று கிழங்கை இடித்துக் குடிக்க எவரும் துணியற்க! வைத்தியர் அம்மருந்தை மில்லிகிராம் கணக்கில் அளந்து கொடுக்கிறார். கிழங்கோ உயிரைக் கொல்லும் நஞ்சு.

அமிலத்தைக் குறைக்க அல்லோபியூரினால் முதலிய மாத்திரைகள் உள. இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழ் அமிலம் இறங்கி நின்றால் பளிங்குகள் மெல்லக் கரையும். இதற்குப் பல மாதங்களோ வருஷங்களோ செல்லும். தொடக்கத்தில் நோவு மீண்டும் வரக்கூடும். அதுகண்டு மருந்தை நிறுத்தலாகாது. தோலில் தடிப்புக் கண்டால் மாத்திரம் அக்கணமே நிறுத்திவிட்டு வைத்தியரிடம் செல்க.