கயிறு யார் கையில்?

காந்திகிராமத்துக்காரன் கடலைப் பற்றிப் பேச வந்துவிட்டானே என்று சின்னாளபட்டியில் சிலர் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். கிழக்கே சிறுமலை, மேற்கே கொடைக்கானல் மலை. கடலோர ஊரான மண்டபம் போய்ச் சேர ஏறக்குறைய 200 கிலோமீட்டர். ஆனாலும் பிள்ளைகளைப் படகில் ஏற்றி, கடலில் வைத்தே பாடம் சொல்லித் தருகிற வழக்கத்தை எடைபோட இந்த ஊருக்கு ஓர் உரிமை உண்டு.

1937இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலைத் தனிப் பாடமாக ஒதுக்கி வைக்கவில்லை. தொழில் வழியாகவே கணக்கும் அறிவியலும் வரலாறும் வரவேண்டும் என்றது. டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் காந்திகிராமத்தைத் தொடங்கியது அந்த நம்பிக்கையில்தான். ராட்டையில் நூற்றவர், நூலைச் சிட்டமாகச் சுற்றும்போது அதன் நீளத்தைக் கணக்குப் போட்டே ஆகவேண்டும். இப்போது ராட்டை இருந்த இடத்தில் ஒரு படகை வைத்துப் பாருங்கள்.

படகின் முன்பக்கத்தை மீனவர்கள் அணியம் என்பார்கள். அங்கே ஒரு பெண்பிள்ளை நின்று ஆரஞ்சுத் தோல் ஒன்றைத் தண்ணீரில் போடுகிறாள். பின்பக்கம் நிற்கிற பையன் அது தன்னைத் தாண்டும்வரை நொடிகளை எண்ணுகிறான். படகு 8 மீட்டர் நீளம், தோல் கடக்க 4 நொடி என்றால் நொடிக்கு 2 மீட்டர், மணிக்கு 7.2 கிலோமீட்டர். கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர், ஆகவே வேகம் மணிக்கு ஏறக்குறைய 3.9 கடல் மைல், அதாவது 3.9 நாட். பழைய கப்பலோட்டிகள் மரத்துண்டை வீசிப் பார்த்த அதே கணக்கு.

பாடம் இதோடு முடிவதில்லை. கணக்குப்படி படகு ஓடுகிறது. கரையில் தெரிகிற கோபுரமோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஏன்? அப்போது படகோட்டி நீவாடு என்கிற நீரோட்டம் பற்றிச் சொல்வார். எதிர் நீரோட்டம் ஓடுகிறது. தோல் காட்டியது தண்ணீருக்கும் படகுக்கும் உள்ள வேகம், கரைக்கும் படகுக்கும் உள்ளது வேறு. பிளஸ் ஒன் இயற்பியலில் சார்பு வேகம் என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்து மறக்கிற விஷயம், ஏழாம் வகுப்புப் பையனுக்குக் கண்முன்னே விளங்கிவிடுகிறது. கணக்கைத் தப்பாகப் போட்டால் சிவப்பு மையில் சுழிக்க வாத்தியார் தேவையில்லை. படகு வேறெங்கோ போய் நிற்கும்.

செலவில்லாத இன்னொரு கருவி, 1865இல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் பயன்படுத்திய வெள்ளைத் தட்டு. முடிச்சிட்ட கயிற்றில் கட்டி இறக்க வேண்டும். கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொண்டால் நீர் எவ்வளவு தெளிவு என்று தெரிந்துவிடும். தெளிவு குறைந்தால் கடற்புல்லுக்கு வெளிச்சம் போகாது. கடற்புல் இல்லாவிட்டால் அதை மேய்கிற ஆவுளியா என்னும் கடற்பசுவுக்கு இரை இல்லை. பாக் விரிகுடாவில் 2022இல் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாவுக்கென்று காப்பகமாக அறிவித்தார்களே, அதன் அவசியம் பிள்ளைக்கு அந்தத் தட்டிலிருந்தே புரியும்.

வெளிநாட்டு முன்மாதிரிகளில் என் மனத்துக்குப் பிடித்தது கிளியர்வாட்டர். பாடகர் பீட் சீகரும் நண்பர்களும் கட்டுவித்த இந்த 106 அடிப் பாய்க்கப்பல் 1969இல் நீரில் இறங்கியது. கடல் ஏறி இறங்குகிற ஹட்சன் ஆற்றில், பள்ளிப் பிள்ளைகளே வடம் பிடித்துப் பாயை ஏற்றுவார்கள், வலையில் வந்த மீனைப் பார்த்துவிட்டுத் திரும்ப விடுவார்கள். தனி ஒரு பிள்ளை இழுத்தால் அந்தப் பாய் அசையாது. கூடி இழுத்தால்தான் ஏறும்.

அதற்கு நேர் எதிரானது ஆப்டிமிஸ்ட். 1947இல், நம் காந்திகிராமம் பிறந்த அதே ஆண்டில், அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் ஒட்டுப்பலகையில் வடிவமைத்த சிறு படகு. நீளம் 2.3 மீட்டர். 15 வயது வரையுள்ள பிள்ளை தனியாக ஏறி, பாயையும் சுக்கானையும் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். சென்னைத் துறைமுகத்தில் பிள்ளைகள் இதில்தான் பழகுகிறார்கள். ஒலிம்பிக் பாய்ப்படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணான நேத்ரா குமணனும் சென்னையில் கோடை முகாமில் தொடங்கியவர்தான்.

இதெல்லாம் வசதி உள்ளவர்களுக்கு என்று ஒரு பேச்சு உண்டு. அதில் உண்மையும் உண்டு. ஆனால் கடலே இல்லாத ஹைதராபாத்தில், உசேன் சாகர் ஏரியில் பழகிய ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் தேசியப் போட்டிகளில் வென்றிருக்கிறார்கள். நமக்குப் பக்கத்தில் ஆத்தூர் காமராஜர் அணை இருக்கிறது என்பதை நினைவூட்டி நகர்கிறேன்.

நம் பக்கத்து நிலைமைக்கு வருவோம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் தேசியப் பூங்கா ஆயின. ராமநாதபுரம் கடற்கரையில் வனத்துறை படகுச் சுற்றுலா நடத்துகிறது. காரங்காட்டில் உள்ளூர் மக்களே அலையாத்திக் காட்டுக்குள் அழைத்துப் போகிறார்கள். நல்ல முயற்சி, குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் பெரும்பாலும் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், பெரியவர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். கை சும்மா இருக்கிறது. துடுப்பைப் பிள்ளை கையில் கொடுக்கிற சிறு படகுச் சவாரி காரங்காட்டில் உண்டு. எனக்கு அதுதான் உயர்வாகப் படுகிறது.

பிள்ளைகளைப் படகில் ஏற்றப் பெரியவர்கள் பயப்படுவது நியாயமானது. 2024 ஜனவரியில் வடோதரா ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 12 பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். அளவுக்கு மேல் ஆள் ஏற்றியிருந்தார்கள். எல்லோருக்கும் மிதவைச் சட்டை இல்லை. அது கடலும் அல்ல, புயலும் இல்லை. மிதவைச் சட்டையைத் தானே கட்டிக்கொண்டு பக்கத்தில் இருப்பவனுடையதைச் சரிபார்ப்பதுதான் படகுக் கல்வியின் முதல் பாடமாக இருக்கவேண்டும்.

காலமும் இடமும் அறிவதும் கல்விதான். பாம்பன் பக்கத்தில் பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் ஆண்கடல் கொந்தளிக்கும், பெண்கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். வாடை வீசும்போது நிலைமை மாறும். இதை அங்குள்ள மீனவரைவிட நன்றாகச் சொல்லித்தர ஆளில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுத் தொழிலாளர்கள் வேலையின்றிக் கரையில் இருக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கோ கோடை விடுமுறை. மீன்பிடிப் படகில் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம். பயணிகளுக்கென்று அனுமதி பெற்ற படகில், சம்பளம் கொடுத்து, அந்த மீனவரை ஆசிரியராக ஏற்றலாமே.

திண்டுக்கல் மாவட்டத் தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ராமேஸ்வரம் சுற்றுலாவுக்குப் பேருந்து பேசும்போது, படகு ஏற்பாடு செய்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். எத்தனை மிதவைச் சட்டை இருக்கிறது? என் பிள்ளைகளுக்குப் படகில் என்ன வேலை? இரண்டாவது கேள்விக்கு அவரிடம் பதில் இல்லையென்றால், ஆரஞ்சுப் பழமும் கயிறு கட்டிய வெள்ளைத் தட்டும் நீங்களே எடுத்துப் போங்கள்.