புடைத்தெடுக்கும் பொறியும் அதன் விளக்கவேடும்



நெல்லைக் குற்றிப் புடைக்கின்றவள் முறத்தில் எஞ்சியதை மட்டும் பார்ப்பதில்லை; முறத்தினின்று விழுந்ததையும் ஒருமுறை கையால் அளைந்து பார்ப்பாள். உமியோடு அரிசியும் போயிற்றா என்பது அவளுக்குத் தெரிதல் வேண்டும். இற்றைநாளில் வலைப்பக்கங்களைப் புடைத்துச் செயற்கை அறிவு முகவர்களுக்கு ஊட்டுகின்ற கருவிகள் பல தோன்றியுள்ளன. கருவி எதை எடுக்கின்றது என்பதை விளக்கவேடு விரித்துரைத்தால் மட்டும் போதாது. அஃது எதைச் சிந்துகின்றது என்பதையும் சொல்லுதல் வேண்டும். இப்பேச்சு அதனைப் பற்றியதே.

முதற்கண் கருவியின் தேவையைக் காண்போர்க்கு வலையின் வரலாறு விளங்குதல் வேண்டும். 1989-இல் செனீவாவை அடுத்த செர்ன் ஆய்வு நடுவத்தில் திம் பெர்னர்சு-லீ முன்மொழிந்த உலகவலை, 1993 ஏப்பிரல் 30-ஆம் நாள் எவரும் கட்டணமின்றிப் பயன்கொள்ளுமாறு பொதுமையாக்கப்பட்டது. அதன் தொடக்கக் காலப் பக்கங்களில் உரையே மிகுதி. இற்றைப் பக்கத்திலோ பட்டியலும் விளம்பரமும் இசைவு கேட்கும் பெட்டியும் பிற கட்டுரைகளுக்கான இணைப்புகளும் உரையைச் சூழ்ந்து நிற்கின்றன. மாந்தன் கண் அவற்றைத் தானே ஒதுக்கிவிடும். மொழிப்பொறியோ ஒரே வேளையில் ஏற்கத்தக்க உரைக்கு ஓர் எல்லையுண்டு. ஏற்கின்ற ஒவ்வொரு துணுக்கிற்கும் செலவுண்டு. ஆகலின் உரையை மட்டும் பிரித்தளிக்கும் கருவி வேண்டப்படுகின்றது.

இக்கருவிகள் பொருளுணர்ந்து பிரிப்பனவென்று பலர் எண்ணுவர். அஃது எப்போதும் உண்மையன்று. 2009-இல் ஆர்க்90 என்னும் நிறுவனம் இரீடபிலிட்டி என்னும் கருவியை வெளியிட்டது. பிற்காலத்துப் பயர்பாக்சு உலாவியின் படிப்புப் பார்வைக்கும் அதன் வழிமுறையே அடிப்படை. அது செய்வது எண்ணல்தான். இருபத்தைந்து எழுத்திற்குக் குறைந்த பத்தியை அது கணக்கிற் கொள்ளாது. ஒவ்வொரு காற்புள்ளிக்கும் ஒரு மதிப்பெண் தரும். ஒவ்வொரு நூறு எழுத்திற்கும் ஒன்றாக மூன்றுவரை தரும். இணைப்புகள் செறிந்த பகுதிக்கு மதிப்பைக் குறைக்கும். 2010-இல் செருமனியின் ஆனோவர் நகரத்து ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வும் சொல்லின் எண்ணிக்கை, இணைப்பின் செறிவு ஆகிய மேலோட்டக் கூறுகளே பெரும்பாலும் போதுமென்று காட்டியது. 2021-இல் பெர்லின்-பிராண்டன்பர்க்கு அறிவியற் கழகத்தினின்று ஆய்வுரையாக வெளிவந்த திராபிலாத்துரா என்னும் கருவி பல நெறிகளை அடுத்தடுத்துக் கையாள்வது. அப்பெயர்க்கு இத்தாலிய மொழியில் கம்பி இழுத்தல் என்று பொருள். கம்பி இழுக்கையில் மாழை வடிவந்தான் மாறும். உரையை இழுக்கையிலோ சில அறுந்தும் போகும்.

இனி, காற்புள்ளியை எண்ணுங் கருவி தமிழ்ப் பக்கத்தை எங்ஙனம் அளக்கும்? 'சேரனும் சோழனும் பாண்டியனும்' என எண்ணும்மையால் அடுக்கிச் செல்லும் நடைக்குக் காற்புள்ளியே வேண்டியதில்லை. அதனையே ஆங்கிலத்தில் எழுதினால் இடையே காற்புள்ளி வந்துவிடும். ஆகலின் ஒரே செய்தி, மொழி வேறுபட்டமையாலேயே மதிப்பெண் குறைதல் கூடும். எழுத்தெண்ணலிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. 'தமிழ்' என்பது கற்றோர்க்கு மூன்றெழுத்து. ஒருங்குறிக் கணக்கில் ஐந்து குறியீடு. பரவலாக வழங்கும் சேமிப்பு முறையில் பதினைந்து எண்மி. கருவியின் ஏடு 'எழுத்து' என்று வாளா கூறிவிட்டால் எவ்வெழுத்தைக் கூறிற்று? மேலும் 'கொ' என்பதை இருகுறியீட்டாலும் எழுதலாம், மூன்றாலும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பொறி அவற்றை ஒருவடிவாக்காவிடின் ஒன்றைத் தேடுவார்க்கு மற்றொன்று அகப்படாது.

இதனினும் பெரியதோர் இடர் உண்டு. தமிழ்நாட்டரசு ஒருங்குறியை ஏற்றது 2010-இல். அதற்கு முன் உருவான பக்கங்களிலும் மின்னேடுகளிலும் ஆங்கில எழுத்திற்குரிய இடங்களில் தமிழ் உருவங்களைப் பொருத்திய எழுத்துருக்கள் பல வழங்கின. திரையில் தமிழாகத் தோன்றுவது, பிரித்தெடுத்த பின் பொருளற்ற எழுத்துக் குவியலாகிவிடும். கருவியோ தன் வேலை முடிந்ததென்றே அறிவிக்கும். இங்குப் பிழை நேர்ந்தது மட்டும் தீங்கன்று. பிழை நேர்ந்ததென்று சொல்லாமை பெருந்தீங்கு.

ஓலையினின்று நூலெடுத்த அறிஞர்கள் இந்நெறியை அறிந்திருந்தனர். சுவடிகளிற் பெரும்பாலும் புள்ளியிராது. ஒற்றும் உயிர்மெய்யும் ஒன்றுபோற் கிடக்கும். 1887-இல் சி. வை. தாமோதரனார் கலித்தொகையையும் அதே ஆண்டில் உ. வே. சாமிநாதர் சீவக சிந்தாமணியையும் பதிப்பித்த காலத்தில் இத்தகைய ஏடுகளோடுதான் போராடினர். ஏடுதோறும் பாடம் வேறுபட்டவிடத்து அவ்வேறுபாட்டைக் குறித்தும், சிதைந்தவிடத்தைச் சிதைந்ததாகவே காட்டியும் செல்வதே நற்பதிப்பின் இலக்கணம். சிதைவை மறைத்து ஒழுகியதோர் அடியாக்கித் தருபவன் படிப்போனை ஏமாற்றுகின்றான்.

ஆகலின் விளக்கவேட்டை எழுதுவோர் சிலவற்றை மறவாமற் பொறித்தல் வேண்டும். கருவி எவற்றை நீக்கும்? அடிக்குறிப்பும் அட்டவணையும் வெளியான நாளும் எஞ்சுமா? பொறிநிரலால் பின்னர்த் தோன்றும் உரையை அது காணுமா? பெற்ற உரை வெறுமையாகவோ சிதைந்தோ இருப்பின் முகவர்க்கு எவ்வாறு அறிவிக்கும்? எம்மொழிகளில் ஆய்ந்து பார்க்கப்பட்டது? இவற்றிற்கு விடையில்லாத ஏடு விற்பனைத் தாளே.

இன்னும் இரண்டு உள. 1994-இல் மார்ட்டின் கோசுட்டர் வகுத்து, 2022-இல் இணையப் பொறியியற் பணிக்குழு நெறியாக வெளியிட்ட உலாவிப்பொறி விலக்குக் குறிப்பு ஒரு வேண்டுகோளேயன்றிப் பூட்டன்று. கருவி அதனை மதிக்குமா என்பதை ஏடு வெளிப்படக் கூறல் வேண்டும். மற்றொன்று: பக்கத்தில் கண்ணுக்குப் புலப்படாமல் 'இதனைச் செய்' என்று முகவர்க்குக் கட்டளை எழுதிவைப்பார் உளர். கருவி அதனையும் உரையென்றே எடுத்துக் கொடுத்துவிடும். பெற்ற உரை செய்தியேயன்றி ஏவலன்று என்பதை ஏடு முதற்பக்கத்திலேயே எச்சரித்தல் வேண்டும்.

ஏனெனின், படிப்போன் ஐயுற்றால் மூலப்பக்கத்தைத் திறந்து பார்ப்பான். முகவரோ கையிற் பெற்றதையே உலகமென்று கொண்டு செயலிலும் இறங்கிவிடும். மருந்தளவு கூறும் அட்டவணையில் ஒரு வரிசை உதிர்ந்தால் அதன் விடை பிழைக்கும். அப்பிழை ஒரு நோயாளன் வீட்டு வாயில்வரை செல்லும். தமிழறிந்த கணிப்பொறியாளர்கள் தத்தம் கருவியில் பத்துத் தமிழ்ப் பக்கங்களையேனும் இட்டு, சிந்தியதை அளைந்து பார்த்து, கண்டதைக் கண்டவாறே ஏட்டில் எழுதுவார்களாக. முறம் பிடித்தவள் செய்த வேலை அது. பொறி பிடித்தவர்க்கு அது மிகையன்று.