கடைமடைக்கு வராத சூடு

மேட்டூரில் திறந்த தண்ணீர் வரிச்சிக்குடி வயலுக்கு வந்து சேர்வதற்குள் என்ன பாடு படும் என்று காரைக்கால் விவசாயிகளுக்குச் சொல்லித்தர வேண்டாம். பழைய ஃபோக்ஸ்வாகன் வேனில் சூடும் அப்படித்தான். பின்னால் எஞ்சின் கொதிக்கும். முன்னால் ஓட்டுகிறவருக்குக் கால் விறைக்கும்.

மார்கழி விடியலுக்குத் தலையில் ஒரு துண்டு போதும் என்று வாழும் ஊரில் இந்தப் பேச்சு எதற்கு? பிரெஞ்சுக் குடியுரிமையோடு பிரான்சில் வாழும் காரைக்கால் குடும்பங்கள் ஏராளம். ஐரோப்பாவின் ஜனவரிக் குளிர் எப்படியிருக்கும் என்று அவர்களைக் கேட்டால் தெரியும்.

1950 மார்ச்சில் ஜெர்மனியில் உற்பத்தி தொடங்கிய வண்டி இந்த ஃபோக்ஸ்வாகன் வேன். உள்ளே படுக்கையும் அடுப்பும் வைத்து வீடாக்கிக்கொண்டு, 1960களிலும் 70களிலும் பலர் துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக இந்தியா வரைக்கும் ஓட்டிவந்தார்கள்.

ஆட்டோ மாதிரி இதற்கும் எஞ்சின் பின்னால். ரேடியேட்டர் கிடையாது. புல்லட் எஞ்சினில் அடுக்கடுக்காகத் தெரியுமே, அதுபோன்ற தகடுகள்மேல் விசிறி காற்றடித்து எஞ்சினைக் குளிர்விக்கும். அந்தக் காற்றில் ஒரு பங்கு, புகைக்குழாயைச் சுற்றியுள்ள தகரக் கூட்டுக்குள் போய்ச் சூடேறி, வண்டிக்கு அடியில் ஓடும் குழாய் வழியாக முன்னால் வர வேண்டும். வண்டியின் நீளமோ 4 மீட்டருக்கு மேல். அடியில் பனிக்காற்று பட்டுப்பட்டுப் பாதிச் சூடு வழியிலேயே போய்விடும். எஞ்சின் வேகத்தைப் பொறுத்தே விசிறி சுற்றுவதால், வண்டி நின்றால் வருகிற கொஞ்சமும் குறையும்.

ஆகவே புது ஹீட்டர் வாங்கும் முன் வாய்க்காலைப் பார்ப்பதே புத்திசாலித்தனம். இணைப்புக் குழாய்கள் கிழிந்திருக்கும், மாற்ற வேண்டும். சூட்டைத் திறந்து மூடும் மடல்கள் துருவேறி இறுகியிருக்கும். அவற்றை இழுக்கும் கேபிள் அறுந்திருக்கும். அடிக்குழாய்க்கு வெப்பம் தாங்கும் பஞ்சுறை சுற்றி, மழைநீர் புகாமல் மூடினால் வித்தியாசம் காலிலேயே தெரியும். கதவு ரப்பர் நைந்திருந்தால், வந்த சூடும் அந்த இடுக்கிலேயே வெளியேறிவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது அந்தத் தகரக் கூடு. அதற்குள் இருக்கும் புகைக்குழாய் அரித்து ஓட்டை விழுந்தால், சூட்டோடு கார்பன் மோனாக்சைடும் வண்டிக்குள் வரும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. தலைவலி, மயக்கம், பிறகு உயிரே போகலாம். இந்த இடத்தில் ஒட்டுப்போடும் சிக்கனம் ஆகாது. அரித்த பாகத்தை மாற்றியே ஆக வேண்டும்.

வண்டியிலேயே படுத்துறங்குகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை: எஞ்சினை அணைத்ததும் சூடும் நின்றுவிடும். அதற்காகத் தனியே பெட்ரோலில் எரியும் ஹீட்டரை ஜெர்மனியின் எபர்ஸ்பேஷர் நிறுவனம் அந்தக் காலத்திலேயே செய்து கொடுத்தது. அதன் புகை தனிக்குழாய் வழியே வெளியே போகும். அப்படியிருந்தும், படுக்கைக்குப் பக்கத்தில் அந்த விஷவாயுவைக் கண்டால் அலறும் சிறு கருவி ஒன்றை மாட்டிய பிறகே விளக்கை அணைக்க வேண்டும்.