சீனத்து அறிஞர் கன்பூசியஸ்

கி.மு. 551 முதல் 479 வரை சீன தேசத்தில் வாழ்ந்த கன்பூசியஸ் மோட்சத்துக்கு வழி சொன்னவரல்ல. 'ஜுன்ட்சு' என்றால் அதுவரை பிரபுவின் மகன் என்றே பொருள். அதை ஒழுக்கமுடையவனுக்குரிய பெயராக மாற்றினார். பிறப்பின் பட்டத்தைப் பிடுங்கி நடத்தைக்குக் கொடுப்பது அக்காலத்தில் லேசான காரியமா? ஒரு கட்டு உலர்ந்த இறைச்சி கொண்டு வந்தவனுக்கும் பாடம் சொன்னார். ஆவிகளுக்குத் தொண்டு செய்வதெப்படி என்று கேட்ட சீடனை உயிரோடிருக்கும் மனிதர் பக்கம் திருப்பி விட்டார்.

இவ்வளவையும் நாம் மெச்சினாலும் ஒன்றை மறைப்பதற்கில்லை. அரசனுக்குக் குடியும், தகப்பனுக்கு மகனும், புருஷனுக்கு மனைவியும் அடங்கி நடப்பதே சமூக இணக்கமென்று பின்வந்தவர்கள் அவர் பேரால் ஏற்பாடு செய்துவிட்டார்கள். அவர் வழி நூல்களைக் கொண்டு 1905 வரை நடந்த உத்தியோகப் பரீட்சையில் குடியானவன் மகன் உட்காரலாம். அவன் தங்கை உட்கார முடியாது.