கட்டிய தவணைக்குக் கணக்குச் சொல்!

(வங்கிக் கிளை முன்பு நடந்த தர்ணாவில் நமது சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை. அன்று வர இயலாத கிராமங்களின் விவசாயிகளுக்காக அச்சிட்டுத் தருகிறோம்.)



நடவு வேலையைப் போட்டுவிட்டு, ஒரு நாள் கூலியை இழந்து இங்கே உட்கார்ந்திருக்கிறோம். ரோட்டில் போகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? "கடனைத் தள்ளுபடி பண்ணச் சொல்லி வந்திருக்காங்க" என்றுதான் நினைப்பார்கள். தள்ளுபடி கேட்பது தப்பில்லை. 2006ல் கூட்டுறவுக் கடனுக்கும், 2008ல் வங்கிக் கடனுக்கும் தள்ளுபடி வந்தது. போராடியதால் வந்தது. ஆனால் இன்றைக்கு நாம் தள்ளுபடி கேட்டு வரவில்லை. கட்டின பணத்துக்குக் கணக்குக் கேட்டு வந்திருக்கிறோம்!

ஆறு மாசமாகச் சங்கத்துக்கு வந்த புகார்களில் மூன்றை மட்டும் சொல்கிறோம். ஊர், பேர் வேண்டாம். யாருக்கு நடந்தாலும் நமக்கு நடந்த மாதிரிதான்.

முதல் புகார். ஒரு விவசாயி 1 லட்சம் ரூபாய் பயிர்க்கடன் வாங்கினார். இதற்கு வட்டி 7 சதம். கெடு தேதிக்குள் கட்டிவிட்டால் 3 சதத்தை மத்திய அரசு ஏற்றுக்கொள்ளும், நமக்கு 4 சதம்தான். அதாவது வருஷத்துக்கு 7,000 ரூபாய்க்குப் பதில் 4,000 ரூபாய். அவர் கெடுவுக்குப் பத்து நாள் முன்னாடியே பணத்தைக் கொண்டுபோய்க் கட்டினார். சலானில் கடன் கணக்கு எண்ணைத் தெளிவாக எழுதினார். சீல் போட்டும் கொடுத்தார்கள். ஆனால் கவுண்டரில் இருந்தவர் பணத்தை அவருடைய சேமிப்புக் கணக்கில் வரவு வைத்துவிட்டார். பணம் அங்கே சும்மா கிடந்தது. கடன் தவணை தப்பிவிட்டது. 3,000 ரூபாய் சலுகை போச்சு. தவணை தவறியவர் என்று பெயரும் வந்தது. அடுத்த கடன் கேட்டுப் போனால், "சிபில் சரியில்லைங்க" என்கிறார்கள். தவறியது யார்? விவசாயியா, வங்கியா?

இரண்டாவது புகார். டிராக்டர் கடன். அறுவடைக்குப் பிறகு ஆறு மாசத்துக்கு ஒரு தவணை என்றுதான் பேச்சு. வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கணக்கிலிருந்து மாதாமாதம் பிடிக்கச் சொல்லிப் பதிந்துவிட்டார்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் நம்ம கணக்கில் என்ன இருக்கும்? வயலில்தான் இருக்கும்! மூன்று மாசமும் பணமில்லை என்று திரும்பியது. ஒவ்வொரு தடவைக்கும் 500 ரூபாய், அதற்கு ஜி.எஸ்.டி. 90 ரூபாய், ஆக 590. மூன்று தடவைக்கு 1,770. அப்புறம் வந்தது பிரதமர் கிசான் பணம் 2,000 ரூபாய். வந்த அன்றைக்கே 1,770ஐப் பிடித்துக்கொண்டார்கள். உரம் வாங்கக் காத்திருந்தவர் கையில் மிச்சம் 230 ரூபாய். ஒரு மூட்டைக்கே காணுமா அது?

மூன்றாவது புகார். சம்பா நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு. காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் பிரீமியம். அந்தம்மா கடன் கணக்கிலிருந்து வங்கியே பிடித்தது. ஆனால் வருவாய்க் கிராமத்தின் பெயரைத் தப்பாகப் பதிந்துவிட்டார்கள். மழையில் பயிர் அழுகியது. பக்கத்து வயல்காரருக்கு இழப்பீடு வந்தது, அந்தம்மாவுக்கு வரவில்லை. போய்க் கேட்டால், "நாங்க அனுப்பிட்டோம், கம்பெனியைக் கேளுங்க" என்கிறார்கள்.

மூன்று பேருக்கும் கிளையில் கிடைத்த பதில் ஒன்றுதான்: "நாங்க என்ன பண்றதுங்க, சிஸ்டம் எடுத்துக்கிச்சு!" நாம் கேட்கிறோம்: நம்மிடம் எடுக்கத் தெரிந்த சிஸ்டத்துக்குத் திருப்பிக் கொடுக்க மட்டும் ஏன் தெரியவில்லை?

தோழர்களே! இதெல்லாம் விதிக்கு உட்பட்டு நடப்பது என்று நம்பிவிடாதீர்கள். விதி நம் பக்கம் இருக்கிறது. நமக்குத் தெரியாது என்ற தைரியத்தில்தான் இவர்கள் ஆடுகிறார்கள். காதில் போட்டுக்கொள்ளுங்கள்:

பாஸ்புக்கில் புரியாத சுருக்கெழுத்து போடக்கூடாது. பிடித்தம் என்றால் என்ன கட்டணம், எதற்காக. கடனுக்குப் பிடித்தால் எந்தக் கடன் கணக்கு, யார் பெயரில் என்று எழுத வேண்டும். இது 2017 ஜூனில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு.

தானாகப் பிடிக்கும் ஏற்பாட்டை நாம் எழுதிக் கொடுத்து ரத்து செய்த பிறகும் பணம் பிடித்தால், அதற்கு நம் கணக்கு உள்ள வங்கியே பொறுப்பு. மறுநாளுக்குள் சரிசெய்ய வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நமக்குத் தர வேண்டும். நம் கணக்குக்கு வந்த பணத்தை வரவு வைக்காமல் இழுத்தடித்தாலும் இதே 100 ரூபாய்தான். இது 2019 செப்டம்பர் உத்தரவு.

தவணை தவறினால் அபராதம் போடலாம். ஆனால் அதை வட்டியோடு சேர்த்து, அபராதத்துக்கே வட்டி போடக்கூடாது. இது 2023 ஆகஸ்ட் உத்தரவு. குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதம் போட்டுப் போட்டுச் சேமிப்புக் கணக்கை மைனஸுக்குக் கொண்டுபோவதும் கூடாது.

பயிர்க் காப்பீடு 2020 காரீப் பருவத்திலிருந்து கட்டாயமில்லை. கடன் வாங்கியவர் வேண்டாம் என்றால் கடைசித் தேதிக்கு ஏழு நாள் முன்பு எழுதிக் கொடுத்துவிடலாம். பிடித்துவிட்டு வங்கி தப்பாகப் பதிந்தால், அந்தத் தப்பால் போன இழப்பீட்டை அந்த வங்கிதான் தர வேண்டும். திட்ட வழிகாட்டியிலேயே இருக்கிறது. கம்பெனியைக் கையைக் காட்டித் தப்பிக்க முடியாது.

இனிமேல் ஒவ்வொரு விவசாயியும் செய்ய வேண்டியது சில காரியம். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்கள் வீட்டுப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். பணம் கட்டின சலானைப் பத்திரமாக வையுங்கள். மழையில் நனைந்து அழியும் என்பதால் போட்டோ எடுத்தும் வையுங்கள். கட்டின ஒரு வாரத்துக்குள் கடன் கணக்கில் ஏறியதா என்று பாருங்கள். புகாரை வாயால் சொல்லாதீர்கள். எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால், அல்லது பதில் சரியில்லையென்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். விவரம் கேட்க 14448க்குப் போன் செய்யலாம். எழுத்து வேலையைச் சங்கம் பார்த்துக்கொள்ளும்.

"இதுக்கெல்லாம் சங்கம் எதுக்கு? அவங்கவங்க மனு கொடுத்தாப் போதாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். தனியாகப் போனால் என்ன நடக்கிறது? "மேனேஜர் லீவு, நாளைக்கு வாங்க." டவுன் பஸ்ஸில் நாலு நடை போனால் நாலு நாள் வேலை கெடுகிறது. 3,000 ரூபாய்க்கு அலைந்து அதற்குமேல் செலவாகும் என்று விட்டுவிடுகிறோம். நாம் விட்டுவிடுவோம் என்பதுதான் அவர்கள் கணக்கு! 2016ல் தஞ்சை மாவட்டத்தில் டிராக்டர் கடன் பாக்கிக்காக ஒரு விவசாயியை வயலிலேயே அடித்து இழுத்ததை நாடே பார்த்தது. தனியாக நின்றால் அதுதான் மரியாதை. சேர்ந்து நின்றால் நாற்காலி போட்டுப் பேசுவார்கள்.

இங்கே வேலை பார்க்கும் ஊழியர்கள்மேல் நமக்குப் பகை இல்லை. இரண்டு பேர் பார்க்க வேண்டிய வேலையை ஒருவர் பார்க்கிறார். அதுவும் நமக்குத் தெரியும். ஆள் போடாதது நிர்வாகத்தின் குற்றம். அதற்கான அபராதத்தை நாங்கள் ஏன் கட்ட வேண்டும்?

நமது கோரிக்கைகள்:

1. கெடுவுக்குள் கட்டியும் கடன் கணக்கில் ஏறாத தவணைகளைக் கட்டிய தேதியிலேயே வரவு வை! 3 சத வட்டிச் சலுகையைத் திருப்பிக் கொடு! சிபில் பதிவைத் திருத்து!

2. அறுவடைக் காலத்தை மாற்றிப் பதிந்த தவணைகளைத் திருத்து! அதனால் பிடித்த அபராதம் முழுவதையும் திருப்பிக் கொடு!

3. கிசான் பணம், முதியோர் பென்ஷன், நூறு நாள் வேலைக் கூலி ஆகியவற்றில் கை வைக்காதே!

4. வங்கியின் பிழையால் பறிபோன பயிர் இழப்பீட்டை வங்கியே வழங்கு!

5. கேட்டவருக்குத் தமிழில், புரியும்படி, கடன் கணக்கு நகல் கொடு!

மேலாளரிடம் மனுவைக் கொடுத்துச் சீல் வாங்கிவிட்டோம். அந்தத் தேதியிலிருந்து 30 நாள் கெடு. நாம் கெடு தவறினால் அபராதம் போடுகிறார்களே, இந்தக் கெடுவை அவர்கள் தவறவிட்டால் ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு அத்தனை பேரும் பாஸ்புக்கோடு போவோம். முன்னோடி வங்கி மேலாளரை அங்கேயே வைத்து, ஒவ்வொரு வரியாகக் கணக்குக் கேட்போம். அதுவரை கிராமம் கிராமமாகப் பாஸ்புக்கையும் சலானையும் திரட்டுவோம். உங்கள் ஊர் கிளைச் செயலாளரிடம் நகலைக் கொடுங்கள்.

வாங்கிய கடனைக் கட்டுவோம்! கட்டிய பணத்துக்குக் கணக்குக் கேட்போம்!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!