பருத்தி எடுத்த கைகளும் நூற்பாலையின் கதவும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மம்சாபுரத்துக் கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் அமெரிக்க நாட்டின் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரலாற்றைப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். நாம் வாழும் வட்டாரம் பஞ்சையும் நூலையும் நம்பிய வட்டாரம். 1936-இல் தோன்றிய ராஜபாளையம் மில்லும், அதன் பின் எழுந்த நூற்பாலைகளும், சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்யும் தறிகளும் நாம் அன்றாடம் காண்பவை. இந்தப் பஞ்சின் கதையைப் பின்தொடர்ந்து சென்றால் அது நம்மை அமெரிக்காவின் அடிமைத் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லும். அங்கிருந்து நம் கரிசல் காட்டிற்கே திரும்பக் கொண்டுவந்தும் விடும்.

1793-இல் ஈலி விட்னி என்பவர் பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் பொறியொன்றை அமைத்தார். அமெரிக்காவின் உட்பகுதிகளில் விளைந்த பருத்தியில் கொட்டை பஞ்சோடு இறுகப் பற்றியிருக்கும். ஓர் ஆள் பொழுதெல்லாம் உட்கார்ந்து கையால் பிரித்தாலும் ஒரு ராத்தல் தேறுவது அரிது. பொறி வந்தால் ஆள் வேலை குறையும் என்று நாம் எண்ணுவது வழக்கம். அங்கோ நேர்மாறாக நடந்தது. கொட்டை நீக்குவது எளிதானதும் பருத்தி நிலம் பெருகிற்று. நிலம் பெருகவே, களை எடுக்கவும் பருத்தி பறிக்கவும் மேலும் மேலும் ஆட்கள் வேண்டியிருந்தனர். 1790-இல் ஏறத்தாழ 7 லட்சமாக இருந்த அடிமைகளின் தொகை 1860-இல் ஏறத்தாழ 40 லட்சமாயிற்று. 1808-இல் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வது தடுக்கப்பட்டதால், பழைய மாநிலங்களிலிருந்த குடும்பங்களைப் பிரித்து, தாயை ஒருவனுக்கும் பிள்ளையை ஒருவனுக்குமாக விற்று, மிசிசிப்பி, அலபாமா முதலிய புதிய பருத்தி நிலங்களுக்கு ஓட்டிச் சென்றனர்.

வட மாநிலங்கள் அடிமை முறையைக் கைவிட்டவை என்று பாடநூல்கள் கூறும். அது உண்மைதான். ஆயினும் 1823 முதல் மாசசூசெட்ஸ் மாநிலத்து லோவல் நகரில் ஓடிய பெரும் ஆலைகளுக்குப் பஞ்சு வந்தது தென்னகத்து அடிமைத் தோட்டங்களிலிருந்தே. அவ்வாலைகளில் வேலை செய்த உழவர் வீட்டுப் பெண்கள் 1834-இலும் 1836-இலும் கூலிக் குறைப்பையும் விடுதிக் கட்டண உயர்வையும் எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர் என்பதையும் இங்குள்ள மில் தொழிலாளர்கள் அறிந்துகொள்ள வேண்டும். இன்னொரு செய்தி நம் நெஞ்சைவிட்டு அகலாதது. அடிமைகளுக்கு உடுத்தக் கொடுப்பதற்கென்றே மலிவான முரட்டுத் துணி ஒன்றை வடக்கத்திய ஆலைகள் நெய்து தெற்கே விற்றன. தான் பறித்துக் கொடுத்த பஞ்சின் மட்டரகம், தன்னை விலைக்கு வாங்கியவனின் கணக்கில், அடிமையின் முதுகுக்கே துணியாகத் திரும்பி வந்தது.

எழுத்தின் மீது அந்த முதலாளிகளுக்கு இருந்த அச்சம் சொல்லி முடியாது. வட கரோலினாவில் 1830-இல் இயற்றப்பட்ட சட்டப்படி அடிமைக்குப் படிக்கவும் எழுதவும் கற்றுக்கொடுப்பது குற்றம். எண் கற்பிப்பதற்கு மட்டும் விலக்கு அளித்திருந்தனர்! மூட்டையை எண்ண அடிமை வேண்டும்; மூட்டையின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று அவன் அறியக்கூடாது. பிரடெரிக் டக்ளஸ் என்னும் பேரறிஞர் சிறுவனாக இருந்தபோது எசமானி அவருக்கு எழுத்துக் கற்பிக்கத் தொடங்கினார், எசமானன் தடுத்துவிட்டான். பின்னர் அச்சிறுவன் தெருவிலிருந்த ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்கு ரொட்டித் துண்டுகளைக் கொடுத்துப் பாடம் வாங்கினான். 1838-இல் தப்பியோடி, 1845-இல் தம் வரலாற்றைத் தாமே எழுதி, 1847-இல் பத்திரிகையும் தொடங்கினார்.

1861-இல் உள்நாட்டுப் போர் மூண்டது. தென்னகத் துறைமுகங்களை வடக்குக் கப்பற்படை மறித்தது. தனக்கு வேண்டிய பஞ்சில் நாலில் மூன்று பங்கை அமெரிக்காவிலிருந்து பெற்றுவந்த இங்கிலாந்தின் ஆலைகள் நின்றுபோயின. உடனே திருநெல்வேலிப் பருத்திக்கு யோகம் அடித்தது. அன்று நம் ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டமும் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்ததே, 1910-இல்தான் பிரிந்தது. தூத்துக்குடித் துறைமுகம் வழியே பொதிகள் குவிந்தன. விலை பன்மடங்கு ஏறிற்று. 1865-இல் போர் முடிந்ததும் சரிந்தது. நிலம் வைத்திருந்தவர், வட்டிக்கு விட்டவர், பொதி வாங்கி விற்றவர் ஆகியோரின் ஆதாயத்தைப் பற்றி நூல்கள் நிறையப் பேசுகின்றன. களையெடுத்த பண்ணையாளின் கூலி அந்த நாலாண்டில் எவ்வளவு ஏறிற்று என்று கேட்பவர் இலர்.

அந்தப் பண்ணையாள் யார்? ஆங்கிலப் பேரரசில் அடிமை முறையை ஒழித்த 1833-ஆம் ஆண்டுச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் நிலப்பகுதியை விலக்கியே வைத்தது. 1840-ஐ ஒட்டிக் கம்பெனியார் அமெரிக்கத் தென் மாநிலங்களிலிருந்தே தோட்டக்காரர்களை அழைத்து, அவர்களில் சிலரைக் கோயம்புத்தூர்ச் சீமைக்கு அனுப்பி, ராபர்ட் வைட் என்பவரின் மேற்பார்வையில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட்டுப் பார்த்தனர். அடிமைகளை வைத்து வேளாண்மை நடக்கும் நாட்டிலிருந்து ஆசான்களை வரவழைத்த அதே காலத்தில்தான், 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் இங்கே வந்தது. அடிமை என்ற உரிமையை நீதிமன்றம் இனி ஏற்காது என்று அச்சட்டம் சொன்னதே தவிர, அடிமை வைத்திருப்பதைக் குற்றமாக்கவில்லை. ஆளை வாங்குவதும் விற்பதும் குற்றமானது, 1862-இல் இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது. அதற்கும் நூறாண்டுக்கு மேல் கழித்து, 1976-இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வேண்டியிருந்தது. ஒருமுறை ஒழிந்ததை மும்முறை ஒழிக்க நேர்ந்ததன் காரணம், நிலமும் கடன் பத்திரமும் கைமாறவில்லை என்பதே.

அமெரிக்காவிலும் இதுவே நடந்தது. 1865 ஜனவரியில் படைத்தலைவர் ஷெர்மன், கடற்கரை நிலங்களை விடுதலை பெற்ற குடும்பங்களுக்கு நாற்பது ஏக்கர் வரையில் பிரித்தளிக்க ஆணையிட்டார்; அவ்வாண்டு முடியுமுன்னரே குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் அந்நிலங்களைப் பழைய முதலாளிகளிடம் திருப்பிவிட்டார். விடுதலை பெற்றவர்கள் வாரத்திற்கு உழுது, விதைக்கும் சோற்றுக்கும் கடையில் கடன்பட்டு, அறுவடையில் கழித்தும் தீராமல் அதே மண்ணில் கட்டுண்டனர். நம் மாநிலத்தில் செங்கற்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீரின் அறிக்கையை அடுத்து, 1892-இல் தொடங்கி வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் இன்று யார் கையில் உள்ளன என்று இந்த அவையில் விளக்க வேண்டியதில்லை.

இனி ஆலைக்கு வருவோம். போருக்குப் பின் அமெரிக்கத் தென்னகத்திலேயே நூற்பாலைகள் பெருகின. பருத்தி பறித்த கறுப்பின மக்களுக்கு அங்கே கிடைத்தது முற்றத்து வேலை, சுமை வேலை, பொதி உடைக்கும் அறையின் தூசி. நம் தொழிலாளர் புளோரூம் என்று சொல்வார்களே, அதற்கும் முந்திய இடம். நூற்கும் கூடமும் தறிக்கூடமும் வெள்ளையருக்கே. தென் கரோலினா 1915-இல் இதனைச் சட்டமாகவே ஆக்கிற்று. பம்பாயில் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. நாடாவில் தார் மாற்றும்போது நூல் முனையை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும் என்பதால், தீண்டப்படாதார் வாய்பட்ட நூலைத் தொடமாட்டோம் என்று கூறி, நல்ல கூலி தரும் நெசவுப் பகுதிக்குள் அவர்களை விடவில்லை. 1928-ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது டாக்டர் அம்பேத்கர் இதனைத் தொழிற்சங்கத் தலைவர்களிடம் நேருக்கு நேர் எழுப்பினார். 1913-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்திற்குப் படிக்கச் சென்றவர் அவர். அவருக்கு முன்னரே, 1873-இல் ஜோதிராவ் புலே தம் குலாம்கிரி நூலை, அடிமைகளின் விடுதலைக்காகப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கு உரிமையாக்கியிருந்தார். அவ்விருவரும் அந்நாட்டைப் பார்த்தது நாம் இன்று பார்க்கும் காரணத்தினால்தான்.

அமெரிக்க ஆலைகளின் கதவு 1964-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்திற்குப் பின்னரே திறந்தது. உள்ளே போன தலைமுறை ஓய்வு பெறுமுன்னரே அவ்வாலைகளில் பல மூடப்பட்டு, தொழில் வேறு நாடுகளுக்குப் போய்விட்டது. ஆலையை மட்டும் நம்பியிருந்தால் அவர்கள் கதி என்னவாகியிருக்கும்?

நல்லவேளையாக அவர்கள் வேறொன்றையும் கட்டியிருந்தனர். போர் முடிந்த உடனேயே, அரசின் விடுதலையாளர் அலுவலகமும் திருச்சபைகளும் துணைசெய்ய, தம் கூலியிலிருந்து காசு போட்டுப் பள்ளிகள் அமைத்தனர். 1867-இல் ஹோவர்ட் பல்கலைக்கழகமும் 1881-இல் டஸ்கீகி பள்ளியும் எழுந்தன. 1870-இல் அங்கே கறுப்பினத்தாரில் நூற்றுக்கு 80 பேர் எழுத்தறியாதவர். 1910-இல் அது 30 ஆகக் குறைந்தது. வாக்குரிமை பறிக்கப்பட்டு, தனி இருக்கையும் தனிப் பள்ளியும் சட்டமாக்கப்பட்ட நாற்பது ஆண்டுகளில் இதைச் செய்தனர். அப்போரில் வடக்கின் பக்கம் அதிகாரியாகப் பணியாற்றிய கர்னல் ஆல்காட்தான் 1894-இல் சென்னை அடையாற்றில் பஞ்சமர்க்கு இலவசப் பள்ளி திறந்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

நம் கணக்கையும் பார்ப்போம். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழகத்தில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 80, தாழ்த்தப்பட்டோரில் 73. இந்த ஏழில்தான் நம் கழகத்தின் வேலை எஞ்சியிருக்கிறது. வகுப்பறையில் இடம் பிடிப்பதோடு முடியாமல், கணக்கர் நாற்காலி, பொறியாளர் மேசை, வழக்கறிஞர் மேடை ஆகியவை வரையிலும் அந்த வேலை நீளும்.

ஒரு வேண்டுகோள் உண்டு. விடுதலையாளர் அலுவலகத்துப் பள்ளி ஆசிரியர்கள் மாதந்தோறும் ஒரு படிவம் நிரப்பி அனுப்பினர். மாணவர் எத்தனை பேர், பதினாறு வயதைக் கடந்தோர் எத்தனை பேர், போருக்கு முன்னரே அடிமையாக இல்லாதிருந்தோர் எத்தனை பேர் என்ற கேள்விகள் அதில் உள்ளன. பிள்ளைகளோடு வயது வந்தோரும் பலகையில் அமர்ந்து படித்ததை அத்தாள்களைக் கொண்டே இன்று நாம் அறிகிறோம். நம் கழகத்தின் வருகைப் பதிவேடுகளும், நன்கொடைக் குறிப்பேடுகளும், இரண்டு ரூபாயும் ஐந்து ரூபாயும் கொடுத்தவர்களின் பெயர்களும் கரையானுக்கு இரையாகாமல், இம்மலர் வெளிவந்த கையோடு படியெடுத்துப் பாதுகாக்கப்பட வேண்டும். பொறுப்பாளர்கள் அதற்கென ஒரு பெட்டியும், பொறுப்பான ஓர் இளைஞரையும் இன்றே குறித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.