மூக்கறியா நஞ்சும் ஓரணுத் தகடும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நாம் ரயில்வே சரக்கு அலுவலகத்தில் பேரேடு எழுதுபவர்; கல்வியோ பள்ளியிறுதி வகுப்போடு நின்றது. விஞ்ஞானம் பேச வந்தோமென்று நகைக்க வேண்டா. சென்ற குளிர்காலத்தில் நம் குடியிருப்பில் நேரவிருந்த விபரீதமே நம்மை இங்கு நிறுத்தியிருக்கிறது. வடநாட்டுக் குளிருக்கு அஞ்சிய ஒரு குடும்பத்தார் கரிக் கணப்பை அறையுள் வைத்து, கதவையும் சன்னலையும் அடைத்து உறங்கினர். விடியலில் பால்காரர் இடைவிடாது கதவைத் தட்டியதால் உயிர் பிழைத்தனர்.

கரி அரைகுறையாக எரிகையில் எழும் கார்பன் மானாக்ஸைடுக்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபினை அது பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான வன்மையுடன் பற்றிக்கொள்ளும். சாக்கடைக் குழியின் ஹைட்ரஜன் ஸல்ஃபைடோ இன்னும் வஞ்சகமானது. முதலில் அழுகிய முட்டைபோல் நாறும். செறிவு மிகுந்தால் மோப்பத்தையே மரக்கச் செய்யும். குழிக்குள் இறங்கியவர் மீளாத செய்தியை நாளிதழ்களிற் பலமுறை கண்டிருக்கிறோம்.

மூக்கு கைவிடும் இடத்திற் காவல் நிற்கத் தக்கதொரு பொருள் 2004-இல் கிடைத்தது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கைம், கான்ஸ்டன்டின் நோவோஸெலோவ் முதலியோர் கிராஃபைட்டை, அதாவது பென்சிற் கரியை, ஒட்டுநாடாவால் உரித்து உரித்து ஓரணுக் கனமேயுள்ள தகட்டைப் பெற்றனர். பிள்ளை விளையாட்டென்று தோன்றும். அவ்விருவருக்கும் 2010-இல் நோபெல் பரிசு வந்தது இத்தகட்டு ஆராய்ச்சிக்கே! கிராஃபீன் என்னும் அதற்கு உட்புறம் என்பதே இல்லை. அணுக்கள் யாவும் மேற்பரப்பிலேயே உள்ளன. வாயு மூலக்கூறு வந்தமர்ந்தால் தகட்டின் மின்தடை மாறுகிறது. நைட்ரஜன் டை ஆக்ஸைடு எலெக்ட்ரானைப் பறிக்கும், அம்மோனியா கொடுக்கும். ஒற்றை மூலக்கூற்றின் வரவையே உணர்ந்ததாக 2007-இல் மான்செஸ்டர் ஆய்வாளர் வெளியிட்டனர்.

ஆயினும் குறையுண்டு. வரவு எழுதத் தெரிந்தும், யாரிடமிருந்து வந்ததென்று எழுதத் தெரியாத கணக்கனைப் போன்றது தூய கிராஃபீன். காற்றின் ஈரமும் அதனை ஏமாற்றும். ஒட்டிய வாயு எளிதில் விலகாததால் சூடேற்றி விரட்டவேண்டி வரும். நமக்குப் பகையான கார்பன் மானாக்ஸைடோ அதில் நன்கு ஒட்டுவதேயில்லை. ஆகவே உலோகத் துகள்களையும் ஆக்ஸைடுகளையும் அதன்மேற் பதித்து ஆராய்கின்றனர்.

வீட்டிற்கு இன்று வாங்கத்தக்கவை மின்வேதியியல் முறையில் இயங்கும் எச்சரிக்கைக் கருவிகளே. கணப்பு மூட்டும் இல்லங்களுக்கு அவற்றை வாங்கச் சங்க நிதியில் ஒரு பகுதியை ஒதுக்குமாறு செயற்குழுவினரை வேண்டுகிறோம். தாய்மார்களே, கரி புகையின்றிச் சிவந்திருந்தாலும் நஞ்சு எழும். உறங்குமுன் கணப்பை வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்.